மீதி வீட்டில் இருக்கிறது

போன வாரம் அக்கா மகளுக்குப் பிறந்தநாள். கேக்கில் மெழுகுவர்த்தியைச் செருகி ஏற்றப் போன நேரத்தில், "யாராச்சும் அந்த ஃபேன நிறுத்துங்களேன்" என்று அக்கா கத்தினாள். ஃபேன் நின்றது. சித்திரை வெயிலில் அத்தனை பேரும் வியர்த்து வழிய நின்று பாட்டுப் பாடினோம். அக்கா மகள் ஊதி அணைத்தாள். அணைந்த திரியிலிருந்து ஒரு புகை வருமே, கொஞ்சம் பிசுக்கும் கொஞ்சம் கருகலுமாக, அது மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் கேக்கை மறந்து செலின் மதாம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டேன். கேக்கை மறந்தேன் என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அந்த மேசைக்கு முன்னால் நான் வேலை பார்த்த கடையைச் சொல்லிவிட வேண்டும். காரைக்காலில் மாதா கோயிலை ஒட்டி ஒரு சின்னக் கடை. ஜெபமாலை, சுரூபம், மெழுகுவர்த்தி, பைபிள், அப்புறம் கிறிஸ்தவப் புத்தகங்கள். சுனாமி வந்துபோய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. நான் குரும்பகரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். "மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுற வூட்டுப் பொண்ணு மாதா கோயில் கடையில என்னடி பண்ணுது?" என்று அம்மா கேட்டாள். கடைக்காரர் பிரகாசம் அண்ணனுக்கு வேண்டியது கேட்டதை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள். எனக்கு வேண்டியது நிழலில் உட்கார்ந்து படிக்க ஓர் இடம். இருவருக்கும் பொருந்திப்போயிற்று.

நான் படித்தது கடையில் இருந்த புத்தகங்களை அல்ல. பஸ் ஸ்டாண்டில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தியும் பயந்த பெண்ணும் இருக்கிற மாத நாவல்கள், அவற்றைத்தான். பெரிய பாட்டுப் புத்தகம் ஒன்றுக்குள் வைத்து மறைத்துப் படிப்பேன். பிரகாசம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு சாமியாரிடம், "குரும்பகரத்துப் பொண்ணு பாட்டுப் புத்தகத்தவிட்டுக் கண்ண எடுக்க மாட்டேங்குது ஃபாதர், ஆண்டவர் கூப்புடுறார்னு நெனைக்கிறேன்" என்று பூரித்துப்போய்ச் சொன்னார். ஆண்டவர் கூப்பிடவில்லை. ஒவ்வொரு மாதமும் இன்ஸ்பெக்டர்தான் கூப்பிட்டார்.

கடையின் கீழ்த்தட்டில் வெளிநாட்டுப் புத்தகங்களின் மொழிபெயர்ப்புகள் கிடக்கும். அதில் ஒன்று தடிமனானது. கிறிஸ்தவ வீட்டில் விருந்தாளியை எப்படி வரவேற்பது என்பதைப் பற்றியது. அட்டையில் கணப்படுப்பு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். யாரும் வாங்க மாட்டார்கள். அதே தெருவில் இருந்த லூர்து டீச்சர் ஒருநாள் அதைப் புரட்டிவிட்டு, "வந்தவங்களுக்குச் சோறு போடுறதுக்கு ஒரு புஸ்தகமா? நம்ம ஊருல இது போணியாவாது" என்று தூசி தட்டி வைத்துவிட்டுப் போனார்.

அதைத்தான் செலின் மதாம் வந்து வாங்கினார்.

அதே தெருவில் இருந்த மதாம் வீட்டைச் 'சொல்தா வீடு' என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். மதாமின் கணவர் அப்படி வந்தவர். மதியம் சாப்பிட்டு அவர் படுத்தால் தெருவே மூச்சு விடக் கூடாது. மணியடித்தவர்களை மாடியில் நின்றே பிரெஞ்சில் வைவார். வார்த்தை புரியாவிட்டாலும் வசவு என்று புரியும். அப்படியே அந்த வீட்டைவிட்டுத் தெரு ஒதுங்கிப் பழகிவிட்டது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் பழக்கம் மட்டும் போகவில்லை. மதாமைப் பூசையில் பார்த்தால் எல்லாரும் சிரிப்பார்கள், நலம் விசாரிப்பார்கள். வீட்டுக் கேட்டைத் தாண்ட மாட்டார்கள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் மதாம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். சாயங்காலம் விழுந்தவர், மறுநாள் காலையில் மீன் கொண்டுவரும் பூங்கொடி அக்கா கூவிக் கூவிப் பார்த்துப் பதில் இல்லாமல் சுவரேறிக் குதிக்கும்வரை ஈரத்தரையில் கிடந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் செய்தி பாரிசுக்குப் பக்கத்தில் இருந்த மகன் ஆல்பெருக்குப் போயிற்று.

"அங்க உங்களுக்கு யாரு இருக்கா? செத்துக் கெடந்தாலும் தெரியாது. ஆகஸ்ட்ல வர்றேன், வீட்ட வித்துட்டு உங்களக் கூட்டிட்டு வந்துடுறேன்" என்று அவர் போனில் சொன்னதை மதாம் கடையில் நின்று என்னிடம் அப்படியே சொன்னார். கணவர் இருந்த காலத்தில் மதாமும் பிரான்சில் குடியிருந்து பார்த்தவர்தான்.

"அங்க மட்டும் யாரு வருவாங்கிற? லிஃப்ட்டு வரும், லிஃப்ட்டு போவும். நான் இங்கயே இருந்து இங்கயே போறேன்னு சொன்னா, யாராவது வந்து போற வீடா இருந்தா இருங்கங்குறான். அவன் சொல்றதும் நாயந்தானே?"

சொல்லிவிட்டுக் கீழ்த்தட்டைப் பார்த்தார். "அது என்ன புஸ்தகம்? எடு."

மதாமுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. புத்தகத்தில் என்ன போட்டிருந்ததோ அதை அப்படியே செய்தார். புத்தகமோ பனி கொட்டுகிற ஊரில் எழுதியது. விருந்தாளி வந்ததும் மாற்றிக்கொள்ள வாசலில் மெத்தென்ற செருப்பு வையுங்கள் என்று போட்டிருந்தது. புது ரப்பர் செருப்புகள் வாங்கி வரிசையாக வைத்தார். முதல் வாரமே ஒரு ஜோடி யார் காலோடோ போய்விட்டது. சூடான சூப் கொடுங்கள் என்று போட்டிருந்தது. மேசை நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், அதன் ஒளி மனங்களைத் திறக்கும் என்றும் போட்டிருந்தது.

கோடை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லூர்து டீச்சரையும் இன்னும் இரண்டு பேரையும் மதாம் சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒத்தாசைக்கு நான். ஃபேன் சுழன்றால் மெழுகுவர்த்தி நிற்காது என்று நிறுத்திவிட்டோம். கொதிக்கிற சூப், அடிக்கிற வெயில், மேசையில் மெழுகுவர்த்தி, அதற்கு நேர் மேலே சுவரில் மாலை போட்ட சொல்தா படம். உள்ளே வந்த டீச்சர் மெழுகுவர்த்தியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லக் கூடாதா மதாம், இன்னிக்குத்தான் நெனவு நாள்னு?"

மதாம் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முழங்காலிட்டு ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டார். மற்றவர்களும் முழங்காலிட்டார்கள். வேறு வழியில்லாமல் மதாமும் முழங்காலிட்டார். எனக்கு மந்திரம் தெரியாது, வாயை மட்டும் அசைத்தேன். சூப் ஆடை கட்டிவிட்டது. போகும்போது எல்லாரும் மதாமின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மெழுகுவர்த்தியை மதாம் ஊதி அணைத்த புகைதான் போன வாரம் எனக்கு வந்தது.

மறுநாள் கடைக்கு வந்தவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ என் கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "இதென்ன, பாட்டுக்கு நடுவுல பொணம் கெடக்குது?" சட்டென்று புத்தகத்தை மூடினேன். பிரகாசம் அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். மதாம் குரலைத் தாழ்த்தி, "முடிச்சதும் குடு" என்றார். கணவர் வைத்திருந்த பிரெஞ்சுத் துப்பறியும் நாவல்களை எல்லாம் அவர் கரைத்துக் குடித்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். தமிழில் இப்படி இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரியும். அதற்கப்புறம் பழைய பேப்பர் கடையில் நாவல்களைக் கட்டுக்கட்டாக எடுக்க ஆரம்பித்தார். படித்து முடித்தவற்றைத் தெருவுக்கு இரவல் கொடுத்தார். விருந்துக்கு வராதவர்கள் புத்தகம் திருப்பிக் கொடுக்கவாவது வருவார்கள் என்று கணக்குப் போட்டார்.

வரவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார்கள். தெருவே ஆவலாகப் படித்தது, உள்ளே மட்டும் ஒரு கால் வைக்கவில்லை. "கேட்டுக்கு எல்லாரும் வர்றாங்க, எனக்குத்தான் வரல" என்று மதாம் சொன்னபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

பிறகு ஒரு காரியம் செய்தார். அதை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. சின்னக் குறடால் நாவல்களின் பின்னைப் பிடுங்கி, கொலைகாரன் யார் என்று தெரியப்போகிற கடைசிப் பக்கங்களைத் தனியாக உருவி, பிரான்சிலிருந்து வந்த ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டார். மிச்சத்தைப் பழையபடி பின்னடித்தார். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினார். சாய்ந்த எழுத்தில் எழுதியிருக்கும்: 'மீதி வீட்டில் இருக்கிறது. வாங்க.'

முதலில் வந்தது லூர்து டீச்சர். கேட்டை அவர் திறந்த வேகத்தில் தாழ்ப்பாள் தெறித்துவிட்டது.

"என்ன மதாம் இது அநியாயம்? டாக்டர் வூட்டுக் கெணத்துல ஒரு கை தெரியுது, அதோட நிக்குது! நேத்துலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல!"

"உக்காருங்க டீச்சர். காப்பி போட்டுட்டு எடுத்தாறேன்."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பமாயின. பூசை முடிந்து கடையடைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று சாக்குச் சொல்லி நானும் போவேன். பூங்கொடி அக்கா மீன் விற்ற கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு வருவார். "மதாமு, கைய மோந்து பாத்துக்குங்க, அப்புறம் புஸ்தகம் நாறுதுங்கக் கூடாது" என்பார். பத்தாவதுவரை படித்தவர், எங்கள் எல்லாரையும்விட வேகமாகப் படிப்பார். சூப்புக்குப் பதில் காப்பியும், வெண்ணெய் தடவிச் சீனி தூவிய ரொட்டியும். தாள்கள் பறக்கும் என்பதால் அப்போதும் ஃபேன் கிடையாது. தாளின் மேல் டம்ளரை வைத்துக்கொண்டு படிப்போம். அந்த டப்பாவில் இருந்த முடிவுகளில் காப்பி வட்டம் விழாதது ஒன்றுகூட இருக்காது.

ஒரே ஒரு விதிதான். படித்து முடித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்தவருக்குக் கதை கெட்டுவிடும் இல்லையா? அதனால் அவ்வளவு பேர் உட்கார்ந்திருந்தும் வீடு பூசை நேரம் போல அமைதியாக இருக்கும்.

ஆகஸ்டில் ஆல்பெர் வந்தார். உயரமாக, தலை நரைக்கத் தொடங்கி, நல்ல மனிதராகத்தான் இருந்தார். அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை மதாமுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். மகன் கண்ணாலேயே பார்க்கட்டும், வீடு நிறைய ஆட்கள். ஆல்பெர் கதவோரம் நின்று வெகு நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு அம்மாவை அடுக்களைக்குக் கூப்பிட்டார். அவர்கள் கொஞ்சுவது பிரெஞ்சில், சண்டை போடுவது தமிழில். அதனால் எங்களுக்கு எல்லாமே கேட்டது.

"இவங்க யாரும் உங்களப் பாக்க வரலம்மா. கதைய முடிக்க வந்திருக்காங்க. உள்ள வந்ததுலேர்ந்து ஒருத்தராவது உங்ககிட்ட நாலு வார்த்த பேசுனாங்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பூங்கொடி அக்கா பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மதாம் சாதாரணமாகத்தான் பதில் சொன்னார்.

"என்னைப் பாக்க வரலன்னா என்ன? நான் அவங்களப் பாக்குறேன்ல."

ஆல்பெர் விடவில்லை. முடிவுகளை எல்லாம் திரும்பப் புத்தகத்தில் சேர்த்துவிடுவோம், முழுசாகக் கொடுத்தனுப்புவோம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இவர்கள் வந்தால் நான் வாயே திறக்காமல் தனியாகப் போகிறேன், வராவிட்டால் நீங்கள் என்னோடு வர வேண்டும் என்றார். பால் பொங்குகிற சத்தம் கேட்டது. மதாம் "சரி" என்றார்.

மறுநாள் மதாம் பூசைக்குப் போன நேரத்தில் ஆல்பெரே பசையும் பின்னுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டி முடித்தார். அன்று சாயங்காலமே புத்தகங்கள் தெருவுக்குப் போயின. எனக்கும் ஒன்று வந்தது.

அந்த வாரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். செவ்வாய்க்கிழமையே சீட்டு ஒட்டியிருந்த இடத்துக்கு வந்துவிட்டேன். அடுத்த பக்கம் அங்கேயே இருக்கிறது. விரலால் புரட்ட வேண்டியதுதான். முடியவில்லை. மதாம் மேலுள்ள பாசம் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். காப்பி இல்லாமல், எதிரே டீச்சரின் கண் உருளுவதைப் பார்க்காமல், தனியாகக் கொலைகாரனைக் கண்டுபிடித்து என்ன செய்வது என்றிருந்தது. மூடி வைத்துவிட்டேன். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதாம் காப்பி டம்ளர்களை எல்லாம் எடுத்து வைத்திருந்தார். நான்தான் முதலில் போனேன். வேறு யாரும் இல்லை. ஆல்பெர் ஒரு நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மதாம் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் கண் கேட்டிலேயே இருந்தது. அப்புறம் கேட் கிறீச்சிட்டது. பூங்கொடி அக்கா. கையில் நாவல். பின்னாலேயே தெருக்கோடி வீட்டு அக்கா, அவர் நாத்தனார். வழக்கமாக வருபவர்களில் இரண்டு பேர் வரவில்லைதான். டீச்சரை மட்டும் இன்னும் காணோம். மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

"முழுப் புஸ்தகமும் கையில இருக்கே, படிக்கலையா?" என்றார் ஆல்பெர், பூங்கொடி அக்காவிடம்.

"வூட்ல யாரு சார் படிப்பா? மதாமு காப்பி போடட்டும்" என்று அவர் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினார். புரட்டியவர் நெற்றியைச் சுருக்கினார். "இதென்னங்க? பேங்க் மானேஜர் செத்துட்டாரு, இங்க வந்து வாக்குமூலம் குடுக்குறாரு?"

நானும் புரட்டினேன். என் கதை ஏற்காட்டில் நடந்தது. முடிவு ராமேஸ்வரத்துப் படகில் இருந்தது.

அந்த நேரத்தில் லூர்து டீச்சர் நுழைந்தார். "யாரு செஞ்ச வேலை இது? புதன்கெழமையே படிச்சிட்டு நாலு நாளா மண்டைய ஒடச்சிக்கிறேன். ஹீரோயின் பேரே மாறிப்போச்சு!"

ஆல்பெர் எல்லாவற்றையும் மாற்றி ஒட்டியிருந்தார். அவர் படித்ததெல்லாம் பிரெஞ்சுப் பள்ளியில். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். பக்க எண்ணைப் பார்த்துச் சேர்த்திருக்கிறார். எல்லா மாத நாவலும் அதே பக்கத்தில்தானே முடியும்? எல்லாவற்றிலும் ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு ஜீப். பாவம், அவர் என்ன செய்வார்?

அதற்கப்புறம் விதியாவது ஒன்றாவது. "படகு யாருகிட்ட?" "பேங்க் எங்கிட்ட இருக்கு!" "அந்தக் கெணறு யாரு வச்சிருக்கீங்க?" என்று ஆளாளுக்குக் கத்தி, மேசைக்குக் குறுக்கே தாள்கள் பறந்து, எல்லாருக்கும் எல்லா முடிவும் தெரிந்து கதை நாசமாகி, மதாம் நடுவில் நின்று "அது இல்ல டீச்சர், இது அந்த நர்ஸ் கத" என்று மனப்பாடமாகப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் மதாமிடம்தான் பேசினோம். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். யாரோ ஃபேனைப் போட்டார்கள்.

ஆல்பெர் எழுந்துபோய் எங்களுக்கெல்லாம் அவரே காப்பி கொண்டுவந்தார். சீனி போட மறந்திருந்தார். அந்த வாரக் கடைசியில் தனியாகத்தான் விமானம் ஏறினார். போகும்போது பூங்கொடி அக்காவிடம், "தெனம் ஒரு தடவ பாத்துக்குங்க" என்றாராம். "நீங்க சொல்லித்தான் பாக்கணுமா சார்?" என்று அக்கா கோபித்துக்கொண்டார். மதாம் மறுபடி குறடால் கடைசிப் பக்கங்களை உருவி எடுத்தார். நாங்கள்தான் எடுக்கச் சொன்னோம்.

சில வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. பிறகு ஒரு காலையில் மதாம் மீன் வாங்கக் கேட்டுக்கு வரவில்லை. பூங்கொடி அக்கா இந்தத் தடவை சுவர் ஏறவில்லை, அவரிடமே ஒரு சாவி இருந்தது. மதாம் தூக்கத்திலேயே போயிருந்தார். "ஒடம்புல சூடு ஆறல. கெடக்க வுடல" என்று அக்கா இன்றைக்கும் சொல்வார். சொல்லும்போது அழுவார், கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

ஆல்பெர் வந்து வீட்டை விற்றார். இப்போது அங்கே திருநள்ளாறு வருகிறவர்கள் தங்குகிற லாட்ஜ் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், ஆதார் அட்டை காட்ட வேண்டும். பிரகாசம் அண்ணன் கடை போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் கிளிப் போட்டுத் தொங்குவது இப்போது சிப்ஸ் பாக்கெட்டுகள். பிஸ்கட் டப்பாவை ஆல்பெர் அம்மா நினைவாக எடுத்துப்போய்விட்டார். ஆக அந்தத் தெருக் கதைகளின் முடிவுகள் எல்லாம் காப்பி வட்டத்தோடு பிரான்சில் ஏதோ ஓர் உயரமான கட்டிடத்தில் இருக்கின்றன. தொடக்கங்கள் இங்கே ஆளுக்கொன்றாகக் கிடக்கின்றன.

மதாம் இறந்த வாரத்தில் நான் இரவல் வாங்கியிருந்த நாவல் என் பீரோவில்தான் இருக்கிறது. பிறந்தநாளுக்கு மறுநாள் அதை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா மகள் எட்டிப் பார்த்து, "கடைசிப் பக்கமே இல்லையே சித்தி" என்று போனில் எதையோ தட்டினாள். யாரோ முழு நாவலையும் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். "இந்தாங்க, அனுப்பிட்டேன், படிங்க" என்றாள்.

அனுப்பிய நாவல் என் போனில் அப்படியே இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. பீரோவில் இருக்கிற புத்தகத்தின் கடைசியில் அந்தச் சீட்டு, பசை காய்ந்து ஓரம் தூக்கியிருந்தாலும், இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மீதி கையிலேயே இருக்கிறது. வாங்க என்று சொன்ன வீடுதான் இல்லை.